கரண்டு இருந்தும் நின்ற தறிகள்

குமாரபாளையத்தில் சத்தம் இல்லாத நேரம் என்று ஒன்று உண்டு. அது கரண்டு இல்லாத நேரம். கரண்டு வந்தால் தெருவுக்குத் தெரு தறி ஓடும், போனால் நிற்கும். எழுபத்தைந்தாம் வருஷம் மின்வெட்டு கடுமையாக இருந்ததால், வருகிற கரண்டில் ஒரு நிமிஷத்தைக்கூட வீணாக்க யாருக்கும் மனசு வராது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி தன்னைப் பதினான்கு நாள் பாடாய்ப் படுத்தப்போகிறது என்று பாலசுந்தரம் வாத்தியார் நினைத்ததே இல்லை.

வாத்தியாருக்கு நாற்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிறவர். வீட்டின் முன்கட்டில் தம்பி சென்னிமலையின் எட்டு விசைத்தறி. பின்கட்டில் அண்ணன் தம்பி இரண்டு குடித்தனம். நடுவில் ஓர் அறையில் அம்மா முத்தாயம்மாள், பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில். தறிச் சத்தத்திலேயே வளர்ந்ததால் வாத்தியார் வகுப்பிலும் கத்தித்தான் பேசுவார். பிள்ளைகள் அதைக் கோபம் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தார்கள். உண்மையில் கோபப்படுவதற்கான தெம்பு அவரிடம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு. சென்னையில் படித்த காலத்தில் அறைத்தோழன் ஒருவன் மேல்நாட்டு சங்கீதத் தட்டுகளைப் போட்டுக் காட்டிக் கெடுத்துவிட்டான். அந்தத் தோழனே இப்போது ஒரு பதிப்பகத்தில் உட்கார்ந்து உலக இசைக் களஞ்சியம் என்று தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்துகொண்டிருந்தான். முதல் தொகுதிக்கு வாத்தியார் ஒரு கட்டுரை எழுதினார். கேட்காத ஒரு படைப்பைப் பற்றி, நாலு புத்தகத்தைப் பார்த்து, "நூறு வாத்தியங்கள் கடலாய்ப் பொங்குகின்றன" என்று எழுதித் தள்ளிவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் மூன்று வரியில் கடிதம் போட்டிருந்தார். அது ஒற்றைப் புல்லாங்குழலுக்கு எழுதப்பட்டது, கட்டுரையாளர் அருள்கூர்ந்து ஒருமுறை கேட்டுவிட்டு எழுதலாம், என்று. அந்தக் கடிதத்தை வாத்தியார் கிழித்துப் போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாசம் அலைந்தார். இனி கேட்காமல் ஒரு வரி எழுதுவதில்லை என்று முடிவு கட்டினார்.

இரண்டாம் தொகுதிக்கு அவருக்கு வந்தவர் ஹார்லன் வெஸ்காட் என்ற அமெரிக்கர். அவருடைய வாழ்க்கையும் வாத்தியக் குழுவுக்காக அவர் எழுதியவையும். தோழன் அனுப்பியிருந்த குறிப்பின் முதல் வரியிலேயே வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். வெஸ்காட் பிறந்தது ஆற்றோரத்து மில் ஊர் ஒன்றில். அப்பா தறி ரிப்பேர் பார்க்கிறவர். வெஸ்காட்டும் பத்தொன்பது வயது வரை தறியில் நின்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மில் நிற்கும் என்பதால் அன்றைக்குத்தான் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கப் பழகியிருக்கிறார். பிறகு எப்படியோ படித்து, பெண்கள் கல்லூரி ஒன்றில் முப்பது வருஷம் பாடம் நடத்தி, வேலை முடிந்து வந்த களைப்போடு ஐந்து சிம்பொனி எழுதியிருக்கிறார். முதலாவதை ஒரே தடவை வாசித்துவிட்டு மூட்டை கட்டிவிட்டார்கள். இரண்டாவது ஆற்றைப் பற்றியது, அதையும் யாரும் சீந்தவில்லை. மூன்றாவதுதான் பேர் வாங்கியது. நான்கும் ஐந்தும் கையெழுத்துப் பிரதியாகவே கிடக்கின்றன. அறுபத்தெட்டாம் வருஷம் செத்துப்போனார்.

வாத்தியாருக்கு அந்த மனுஷர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். சொந்தக்காரர்களிடம்கூட அவருக்கு அவ்வளவு ஒட்டுதல் கிடையாது.

மூன்றாவது சிம்பொனி மட்டும் தட்டாக வந்திருந்தது. சென்னையில் ஒரு நூலகத்தில் பதினான்கு நாள் தவணைக்குக் கொடுத்தார்கள். வேட்டியில் சுற்றி, ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். உறையின் பின்பக்கம் எழுதியிருந்ததை ரயிலிலேயே மனப்பாடம் பண்ணிவிட்டார். அதன் இரண்டாம் பகுதிதான் உயிர். வெஸ்காட்டின் ஊர் மில்லை மூடிய வருஷம் எழுதியது. பதினொரு நிமிஷம். மிக மெல்லியது என்பதால், வாசிக்கும்போது அரங்கில் மின்விசிறிகளை நிறுத்திவிட வேண்டும் என்று வெஸ்காட் தன் கைப்படக் குறித்து வைத்திருக்கிறார்.

மின்விசிறியையே நிறுத்தச் சொல்கிற ஆளை வாத்தியார் கொண்டுவந்து சேர்த்த இடம் இது.

கரண்டு இருந்தால் வீட்டுப் பாட்டுப்பெட்டி சுற்றும், ஆனால் தறியும் ஓடும். தறி நின்றால் காது கேட்கும், ஆனால் பெட்டி சுற்றாது. முதல் மூன்று நாள் வாத்தியார் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் தலைவலிதான் மிச்சம். மைக் செட்காரரிடம் பேட்டரியில் ஓடும் பெட்டி இருந்தது. அதன் தேய்ந்த ஊசியைப் பார்த்ததும் இரவல் தட்டை அதனடியில் வைக்க வாத்தியாருக்குத் துணிச்சல் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறையில் ஒரு பிளக் உண்டு. அந்த அறையின் பின்சுவரை ஒட்டி இன்னொரு தறிப்பட்டறை.

"எங்க தோட்டத்துக்கு வாங்க வாத்தியாரே. அங்க காக்கா கத்துனாத்தான் உண்டு," என்றார் கூட வேலை பார்க்கும் செங்கோட்டையன். திருச்செங்கோட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்கு மஞ்சள் காடு.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனார். செங்கோட்டையன் சொன்னது பொய்யில்லை. காக்கா சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. பதினொரு மணிக்குக் கரண்டு வந்தது. வந்த கையோடு கிணற்று மோட்டாரும் கிளம்பியது.

செங்கோட்டையனின் அப்பா வரப்பில் நின்றபடி வாத்தியார் முகத்தைப் பார்த்தார். "ஏனுங்க, நிறுத்தச் சொல்லட்டுங்களா? நீங்க கேட்டு முடிச்சதுக்கப்புறம் போட்டுக்கலாமுங்க."

கரண்டு எத்தனை மணிக்குப் போகும் என்று வாத்தியார் விசாரித்தார். ஒரு மணிக்கு என்றார் பெரியவர். மஞ்சள் இலை ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது. தண்ணீர் இன்னும் இரண்டாவது பாத்தியைத் தாண்டவில்லை.

"வேண்டாமுங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாமுங்க," என்றார் வாத்தியார். மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்தார். இந்த வயசில் இது தேவையா என்று பஸ்ஸில் தன்னையே கேட்டுக்கொண்டார். தேவையில்லை என்றுதான் பட்டது. ஆனாலும் பெட்டியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

வீட்டில் அம்மாவின் அறையில் உட்கார்ந்தார். கரண்டு போயிருந்தது, ஊர் ஓய்ந்து கிடந்தது. அம்மா மேலே பார்த்தாள். மின்விசிறி நின்றிருந்தது. சரி என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

அது அவள் வழக்கம். தறி நின்றால் முதலில் மின்விசிறியைப் பார்ப்பாள். அதுவும் நின்றிருந்தால் வெறும் மின்வெட்டு. மின்விசிறி சுற்றும்போதே தறி நின்றால், "யாரு போனது?" என்று கேட்பாள். அந்தத் தெருவில் கரண்டு இருக்கும்போது தறி நிற்பது ஒரே காரியத்துக்குத்தான். எழவு விழுந்த வீட்டுத் தறி முதலில் நிற்கும். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தறி, அதைப் பார்த்து அடுத்தது. போய்ச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. பிணம் தெருவைத் தாண்டும் வரை ஒருவரும் ஓட்ட மாட்டார்கள். பழைய கைத்தறிக் காலத்து அமாவாசை லீவெல்லாம் மின்வெட்டில் அடிபட்டுப் போன பிறகும் இந்த ஒரு மரியாதை மட்டும் பாக்கியிருந்தது.

பதினோராம் நாள் வாத்தியார் தம்பியிடம் கேட்டார்.

சென்னிமலை அண்ணனை ஏற இறங்கப் பார்த்தான். "எவ்வளவு நேரமுங்ணா?"

"நாப்பது நிமிசம். நம்ம எட்டுத் தறி நின்னாப் போதும். பக்கத்து ஊட்டுச் சத்தம் எட்ட இருந்து வரும், அதைச் சமாளிச்சுக்கறேன்."

"ஆளுங்க கேட்டா என்னன்னு சொல்றது? பாட்டுக் கேக்கறதுக்குன்னா சிரிப்பாங்கண்ணா."

தான் பிறந்ததிலிருந்து அண்ணன் தன்னிடம் எதுவும் கேட்டதில்லை என்பது சென்னிமலைக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. "செரி. நாளைக்கு ரண்டு மணிக்கு நிறுத்தச் சொல்லிப்போட்டு நானு பவானிக்குப் போயிர்றேன். இங்க நின்னா எனக்குத்தான் கூச்சமா இருக்கும்," என்றான்.

அப்படியே செய்தான். மறுநாள் இரண்டு மணிக்கு, "தறியை நிறுத்துங்கப்பா. அண்ணன் நிறுத்தச் சொல்லிட்டாரு. உள்ள சத்தம் போடாம வெளிய போய் நில்லுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்தபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு பவானிப் பாலத்துப் பக்கம் போய்விட்டான். ஆட்கள் எட்டுப் பேரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கையாக ஓர் அம்மா. முதலாளி குனிந்த தலையோடு பாலம் தாண்டிப் போகிறார், சொந்தக்காரர்களுக்குச் சொல்லத்தான் போகிறார். அந்தத் தெருவில் பிறந்த எவனும் வேறு விதமாக நினைத்திருக்க முடியாது.

பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டிருந்த வாத்தியார் பின்கட்டில் கதவைச் சாத்தினார். மனைவி ராஜம்மாள் துணி துவைக்க ஆற்றுக்குப் போயிருந்தாள். வெஸ்காட் கேட்டுக்கொண்டபடி தன் அறை மின்விசிறியை நிறுத்தினார். அம்மாவின் அறையில் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தட்டை வைத்து ஊசியை இறக்கினார்.

முதல் பகுதியில் பக்கத்துத் தறிகளின் சத்தம் கலந்துதான் வந்தது. ஆனால் வெஸ்காட்டும் அங்கே சத்தத்தைத்தான் எழுதியிருந்தார். எல்லா வாத்தியமும் ஒரே ஓட்டம். எது உள்ளே, எது வெளியே என்று வாத்தியாருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. வேர்த்து வழிந்தது. பன்னிரண்டு நாள் அலைச்சல் உடம்பில் இருந்தது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாம் பகுதி தொடங்கியபோது ஏதோ வித்தியாசமாக இருந்தது. பக்கத்து வீட்டு மருதாசலத்தின் தறிகள் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுத் தறியும் ஓய்ந்தது. அதற்கடுத்து, பிறகு அதற்கும் அடுத்து. இத்தனை வருஷத்தில் அவர் கேட்டிராத ஓர் ஓய்வு தெருவில் மெல்லப் பரவி, நடுவில் அந்த வயலின்கள் மட்டும் நின்றன. ஒவ்வொரு நூலும் தனியாகத் தெரிகிற மாதிரி அவ்வளவு துல்லியமாக இருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"யாரு போனது?"

அந்த நிமிஷம் வாத்தியாருக்குத் தெரிந்துவிட்டது. அவரும் அந்தத் தெருக்காரர்தானே. கரண்டு இருக்கிறது, தறி நிற்கிறது, முதலில் நின்றது நம் வீட்டுத் தறி. எழுந்து கதவைத் திறந்து ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் பாக்கி இருந்தது. பிடில்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. கடைசியில் ஒரு கிளாரினெட் மட்டும் தனியாக ஊதிக்கொண்டு வந்தது.

"யாரு போனது, சாமி?" என்று அம்மா மறுபடி கேட்டாள்.

அவர் ஊசியின் மேலேயே கண்ணை வைத்திருந்தார். கிளாரினெட் நின்ற பிறகுதான் ஊசியைத் தூக்கினார். அதே நேரம் வாசலில் முதல் ஒப்பாரி கிளம்பியது.

பொன்னாயி என்ற எதிர்வீட்டுக்காரி தலைமயிரை அவிழ்த்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள். வாசலில் ஆண்கள் கூட்டம், தெருமுனையில் ஒருவன் சாவுக்குத் தப்படிக்கிறவர்களுக்கு ஆள் விட்டுக்கொண்டிருந்தான். அம்மாவின் அறைக்குள் அழுதுகொண்டே நுழைந்த பெண்கள், அவள் கண்ணைத் திறந்து தங்களையே பார்ப்பதைக் கண்டு, போன வேகத்தில் நின்றுவிட்டார்கள்.

"யாரு போனதுன்னு கேக்கறேன், ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே," என்றாள் அம்மா.

பொன்னாயி மூக்கை முந்தானையில் துடைத்தாள். வேறு வழி தெரியாமல், "நீங்கதானுங்க ஆத்தா," என்றாள்.

முத்தாயம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் சிரிப்பும் ஒரு பக்கமாகத்தான் வந்தது. "வந்தது வந்துட்டீங்க. காப்பித்தண்ணி குடிச்சுப்போட்டுப் போங்க," என்றாள்.

உள்ளே அது சிரிப்பாகப் போனது. வெளியே அப்படிப் போகவில்லை. என்ன நடந்தது என்று வாத்தியார் வாசலில் நின்று சொல்லி முடித்தார். மருதாசலம்தான் கடைசியில் கேட்டார். "பாட்டுக் கேக்கறதுக்குங்களா வாத்தியாரே?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மூன்று மணிக்குக் கரண்டு போகும். தெருவில் எழுபது தறி, அரை மணி நேரமாக நின்றிருந்தது. எல்லாரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பி நடந்தார்கள். முதுகைப் பார்த்தபடி நின்ற வாத்தியாருக்கு அவமானத்தில் காது இரண்டும் சுட்டது.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது அவள் கேட்டாள். "கடைசியா ஒருத்தன் தனியாக் கெடந்து ஊதுனானே, யாரு சாமி அது?"

"அமெரிக்காக்காரன் ஒருத்தன், அம்மா. தறிக்காரன் மகன்."

"பாவம்," என்றாள் அம்மா. தனக்குப் பதில் சொல்லாமல் இருந்ததைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதின்மூன்றாம் நாள் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். கட்டுரை எட்டுப் பக்கம் வந்தது. கேட்டு எழுதியது. இரண்டாம் பகுதியின் முடிவைப் பற்றி, "வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, இறுதியில் பூரண அமைதி நிலவுகிறது" என்று எழுதினார். அந்த வரியில் அவருக்குப் பெருமைகூட இருந்தது. கோயம்புத்தூர் வாசகர் இதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

ஐப்பசியில், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு முத்தாயம்மாள் உண்மையாகவே போய்ச் சேர்ந்தாள். கரண்டு இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சென்னிமலை அழுதுகொண்டே போய் எட்டுத் தறியையும் நிறுத்தினான். ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

தெருவில் ஒரு தறியும் நிற்கவில்லை.

வாசலில் நின்றவர்கள் சற்று நேரம் காத்துப் பார்த்தார்கள். மருதாசலத்தின் பட்டறையிலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனான். மறுபடியும் பாட்டு என்று நினைத்திருப்பான். அவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது. ராஜம்மாளின் அழுகை தறிச் சத்தத்தில் வாசலைத் தாண்டவில்லை. இரண்டு வருஷம் மின்விசிறியைப் பார்த்துப் பார்த்து, ஊரில் யார் போனாலும் விசாரித்துக்கொண்டிருந்தவள். அவள் போனதை விசாரிக்க ஒருவரும் இல்லை.

"நானு போய்ச் சொல்லிட்டு வாரேன்," என்றான் சென்னிமலை.

"நீ இரு. நான்தான் போகோணும்," என்றார் வாத்தியார்.

சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பட்டறைக்குள் பேசினால் கேட்காது. அதனால் மருதாசலத்தின் வாசற்படியில் போய் வெறும் உடம்போடு நின்றார். மருதாசலம் நிமிர்ந்து பார்த்தார், நம்பவில்லை. வாத்தியார் கையைக் கூப்பினார். உதட்டை மட்டும் அசைத்து, "அம்மாங்க," என்றார். "நெசமாத்தானுங்க."

மருதாசலத்தின் முகம் மாறியது. கையைத் தூக்கினார். ஆறு தறியும் நின்றன.

வாத்தியார் அடுத்த வாசலுக்குப் போனார். பிறகு எதிர்வரிசை. ஒவ்வொரு படியிலும் நின்று, கையைக் கூப்பி, நிஜம்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. சில பேர் உடனே நிறுத்தினார்கள். சில பேர் அவர் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். முன்னால் சத்தம் இருந்தது, பின்னால் ஒன்றுமில்லை. ஆறேழு வாசல் தாண்டியபோதுதான் அவருக்கு உறைத்தது. இந்த ஓய்வை அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். இதேபோல் ஒவ்வொன்றாகத்தான் அன்றைக்கும் கழன்றது. அதைத்தான் அமைதி என்று எழுதி அனுப்பியிருந்தார்.

தெருக்கோடியில் கடைசிப் பட்டறையும் நின்றது. வாத்தியார் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். வீடு வெகு தூரத்தில் இருந்தது. பெண்களின் அழுகை இப்போது இங்கே வரை கேட்டது. அம்மாவுக்கு எழுபது தறியும் நின்றுவிட்டன. ஆனால் தானாக நிற்கவில்லை, மகன் வாசற்படி வாசற்படியாய் ஏறிக் கெஞ்சி வாங்கி வந்தது. இதற்கு அமைதி என்று எவன் பேர் வைப்பான். பாவம் என்று அம்மா ஒரே வார்த்தையில் சரியாகச் சொல்லியிருந்தாள். அதை எழுதியிருந்தால் போதும்.

காரியமெல்லாம் முடிந்து பதினாறாம் நாள், சென்னைக்குக் கடிதம் எழுதினார். பூரண அமைதி என்ற அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். தொகுதி போன வாரமே அச்சாகிவிட்டது, கட்டுரை பிரமாதம் என்று தோழன் பதில் போட்டிருந்தான்.